தொட்டால்தானே ஆட்டம்!

திருவண்ணாமலைக்கு வருவோர் அண்ணாந்து பார்ப்பர். பார்ப்பதற்கு அங்கே இரண்டு உண்டு. ஒன்று மலை, மற்றொன்று 217 அடி உயர்ந்து நிற்கும் கீழைக் கோபுரம். அவ்வூர்ப் புழுதியில் வளர்ந்த நாமோ அண்ணாந்து பார்த்ததினும் குனிந்து பார்த்ததே மிகுதி. குனிந்து எதைப் பார்த்தோம்? மண்ணில் கிழித்த கோட்டை! கால் பெருவிரலால் இழுத்த ஒரு நடுக்கோடு. அதற்கு இப்புறம் எழுவர், அப்புறம் எழுவர். மூச்சை அடக்கி ஒருவன் பாடிச் செல்வான். தொட்டு மீண்டால் வெற்றி, பிடிபட்டு மூச்சு விட்டால் வெளியே! அதுவே சடுகுடு. அதுவே இன்று உலகம் கபடி என்றழைக்கும் ஆட்டம்.

முழுநிலா நாளில் பல்லாயிரவர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பர். செருப்பின்றி நடப்பர், முதியோரும் நடப்பர். அவர்தம் நம்பிக்கை பற்றி இன்று வழக்காட நாம் வரவில்லை. அந்தப் பாதையோரத்துப் பொட்டலில் நாம் ஆடிய ஆட்டத்தைப் பற்றியும், அந்த ஆட்டத்துக்கு வையகப் பேரரங்கில் இடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வோரைப் பற்றியும் பேச வந்தோம். அதைப் பேசுமுன் நம் கை எழுதிய ஒரு பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பேசினால் அது நேர்மையாகாது.

உலகப் பட்டியலை முதலில் பார்ப்போம்.

ஒலிம்பிக் என்றதும் என்ன எண்ணுகிறோம்? உலகத்து மாந்தர் யாவரும் ஒரு களத்தில் கூடி, எவர் விரைந்தவர், எவர் வலியவர் என்று ஒப்பிட்டுக் காணும் பெருவிழா என்று எண்ணுகிறோம். நல்ல எண்ணம்! ஆனால் எந்த ஆட்டத்தில் ஒப்பிடுவது? அதை யார் முடிவு செய்வது? ஓடுவது எல்லா நாட்டிலும் உண்டு, தாண்டுவதும் உண்டு. குதிரையைத் தாளத்துக்கு நடக்கப் பழக்குவது எத்தனை நாட்டு ஏழைக்கு எட்டும்? எனினும் குதிரையாட்டம் பட்டியலில் நெடுங்காலமாக இருக்கிறது, சடுகுடு இல்லை.

விதி இருந்தது என்பர். ஆம், இருந்தது. ஒரு விளையாட்டு நுழைய வேண்டுமெனில், ஆடவர் அதை நான்கு கண்டங்களில் 75 நாடுகளிலேனும், மகளிர் மூன்று கண்டங்களில் 40 நாடுகளிலேனும் பரவலாக ஆட வேண்டும் என்று ஒலிம்பிக் சாசனம் ஒரு காலத்தில் கூறிற்று. கேட்பதற்கு நடுநிலையான அளவுகோல். ஆனால் அந்த அளவுகோல் வாயிலில் நிற்பவனை மட்டுமே அளந்தது. உள்ளே முன்பே அமர்ந்திருந்தவனை அதே கண்டிப்புடன் எழுப்பி அளந்ததா? ஒரு நாட்டு ஆட்டம் 75 நாடுகளில் பரவுவது எப்படி? பேரரசு கட்டி ஆண்டவன் ஆட்டம் கப்பலேறிப் பரவிற்று. ஆளப்பட்டவன் ஆட்டம் அவன் ஊர்ப் பொட்டலிலேயே நின்றது. நின்றது ஆட்டத்தின் குற்றமா, ஆளப்பட்ட குற்றமா?

பழைய ஏடுகளைப் புரட்டுங்கள். 1904-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, அங்கு நடந்த கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பழங்குடி மக்களை ஆகஸ்ட் திங்களில் இரண்டு நாள் களத்தில் இறக்கினர். அவர்கள் அறியாத ஆட்டங்களை, போதிய பயிற்சியும் தராமல், ஆடச் சொன்னார்கள். அவர்கள் தடுமாறியதை அளந்து, பார்த்தீர்களா, இவர்கள் தாழ்ந்தவர் என்றனர்! நீந்தத் தெரிந்தவனை மரமேறச் சொல்லி, ஏறத் தெரியாதவன் என்று எள்ளினால் அது ஒப்பீடாகுமா? பட்டியலைத் தன் கையில் வைத்திருப்பவன், போட்டி தொடங்குமுன்பே பாதி வென்றுவிடுகிறான்.

வெள்ளையர் தமக்குள்ளேனும் சமமாக நடந்தனரா? அதுவும் இல்லை. 1948-இல் இலண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் குதிரை நடைப் போட்டியில் சுவீடன் அணி தங்கம் வென்றது. மறு ஆண்டு அந்தத் தங்கம் பறிக்கப்பட்டது. ஏன்? குதிரை தவறியதா? வீரன் தவறினானா? இல்லை. அணியில் ஒருவரான கேனால் பெர்சன் படையில் அதிகாரி அல்லர், சார்ஜெண்டு தரத்தவர். அதிகாரி மட்டுமே அப்போட்டியில் ஏறலாம் என்று விதி. போட்டிக்கென்று அவரைத் தற்காலிகமாக அதிகாரி ஆக்கியிருந்தனர், பிறகு இறக்கிவிட்டனர். இறக்கியது தெரிந்ததும் பதக்கம் போயிற்று. 1952-இல் விதி மாறியது. அதே பெர்சன் அதே போட்டியில் சுவீடனுக்காகத் தங்கம் வென்றார். நான்காண்டில் மாறியது அவர் திறமையா? எழுதிய விதி!

மகளிர்க்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்ததும் களைத்தார்கள். ஆடவர் களைத்தால் வீரம். பெண்டிர் களைத்தால் பலவீனம் அல்லவா? பெண்ணுக்கு அத்தொலைவு ஆகாது என்று கூறி அவ்வோட்டத்தை நீக்கினர். மீண்டும் அது வந்தது 1960-இல், உரோமில். முப்பத்திரண்டு ஆண்டுகள்! ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, ஓடும் வயது கடந்து, தாயாகிவிடும் காலம். அத்தனை காலமும் பெண்ணின் கால் ஓடத்தான் செய்தது. தாளில் ஓட இடமில்லாமல் போயிற்று.

எனவே தோழர்களே, பட்டியல் என்பது வானத்திலிருந்து இறங்குவதன்று. மாந்தர் எழுதுவது. எழுதும் மாந்தர்க்கு விருப்பு உண்டு, வெறுப்பு உண்டு, இலாபம் உண்டு. இவற்றை மறைக்க அவர்கள் கண்ட திரைக்குப் பெயர்தான் விதி.

இதை நாம் எங்கே கற்றோம்? ஒலிம்பிக் சாசனத்தைப் படித்தா? இல்லை. நம் கையாலேயே எழுதிக் கற்றோம்.

நமக்கு அப்போது வயது பதினேழு. ஊரிலிருந்து செங்கம் போகும் சாலையில் உறவினர் வாழ்ந்த ஒரு சிற்றூரில் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டி. சுழற்கோப்பை உண்டு, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அணிகள் வரும். நம் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அறிவிப்புப் பலகை எழுதும் பணி நமக்கு. அணிகளின் பெயரை வரிசையாக எழுதி, கீழே கோடிட்டு, சிவப்பு மையில் பரிசுத் தொகையும் எழுதினோம். பெருமைதான்!

போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாக, அவ்வூரின் சேரியிலிருந்து எழுவர் வந்தனர். நுழைவுக் கட்டணத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொணர்ந்திருந்தனர். முன்னால் நின்றவன் நம் பள்ளித் தோழன். பள்ளித் திடலில் அவனும் நாமும் ஒரே அணி. அவன் பாடிச் சென்றால் மூச்சு அறுபடாது. ஏழு பேரையும் கலைத்துவிட்டுத் திரும்புவான். அவனிடம்தான் நாம் கணுக்கால் பிடி கற்றோம்.

போட்டி நடத்திய பெரியவர்கள் பணத்தை வாங்கவில்லை. வாங்க மாட்டோம் என்றும் சொல்லவில்லை. 'பார்த்துச் சொல்றோம்' என்று அனுப்பிவிட்டனர். பின்பு நம்மைத் தனியே அழைத்தார் ஒருவர்.

'தம்பி, பந்து விளையாட்டுன்னாலும் பரவாயில்லை. இது கட்டிப் புரள்ற ஆட்டம். நம்ம பசங்க அவங்களோட கட்டிப் புரளணுமா? பதிவு நேத்தோட முடிஞ்சதுன்னு பலகையில எழுதிடு.'

கடைசி நாள் என்று ஒன்றை முன்பு யாரும் குறித்ததில்லை. அது அந்த நொடியில் பிறந்த விதி. நாம் மறுத்தோமா? சினந்தோமா? அதுதான் இல்லை. 'பதிவு நேற்றுடன் நிறைவுற்றது' என்று, ஒற்றுப்பிழையின்றி, வட்ட எழுத்தில், எழுதினோம். பெரியவர் சொன்னார், நாம் எழுதினோம் என்று அன்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். சொன்ன வாய்க்குப் பொறுப்பு உண்டென்றால் எழுதிய கைக்கு இல்லையா?

மாலையில் தோழன் வந்தான். பலகையைப் படித்தான். நம்மைப் பார்த்தான். 'கையெழுத்து நல்லா இருக்கு' என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. போய்விட்டான். பிறகு பள்ளித் திடலில் நாம் இருவரும் ஒரே அணியில் ஆடவேயில்லை.

பல ஆண்டுகள் அந்தப் பெரியவரின் சொல்லை எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறோம். கொடுமையான சொல், ஆனால் அதில் ஓர் உண்மை தன்னை அறியாமல் வெளிப்பட்டுவிட்டது. மட்டைப்பந்தை எட்டி நின்று ஆடலாம். பூப்பந்தை வலைக்கு அப்பால் நின்று ஆடலாம். சடுகுடுவை எட்டி நின்று ஆட இயலுமா? தொட்டால்தான் புள்ளி. பிடித்தால்தான் வெற்றி. இவன் வியர்வை அவன் மேல். அவன் கை இவன் இடுப்பில். எழுவரும் ஒருவர் கையை ஒருவர் கோத்து நின்றால்தான் அரண். தொடாதே என்று சொன்ன நாட்டில், தொடு என்பதையே சட்டமாகக் கொண்ட ஆட்டம் பிறந்திருக்கிறது! தீண்டாமை பேசுவோன் இந்த ஆட்டத்தில் ஒன்று தோற்க வேண்டும், அல்லது ஆட்டத்தையே சாதிக்கொன்றாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பெரியவர் அதை அறிந்திருந்தார். அதனால்தான் அஞ்சினார்.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்த கணேசன், 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அர்ச்சுனா விருதும் பெற்றார். அவர் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் 2025-இல் 'பைசன்' என்னும் படத்தை எடுத்தார். அந்தப் படம் காட்டுவது என்ன? எதிரணியை வெல்வது எளிது. ஊரிலிருந்து களம் வரை உள்ள வழியை வெல்வதே அரிது என்பதை. சென்னைக் கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கத்துடன் திரும்பினாள். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டு விளிம்பில் குடியமர்த்தப்பட்டோர் வாழும் பகுதி அது. அவளுக்குத் தேவைப்பட்டது குதிரையா, குளிரூட்டிய கூடமா? ஒரு திடல், ஒரு கோடு, ஆறு தோழியர், ஒரு பயிற்சியாளர். இவ்வளவுதான்!

இதனாலேயே சொல்கிறோம்: ஒரு விளையாட்டு உலக அரங்குக்கு உரியதா என்று கேட்போர் முதலில் கேட்க வேண்டியது, ஏழைக்கு அது எட்டுமா என்பதே.

உடனே நம்மவர் சிலர் மார்தட்டுவர். 'கபடி நம் பழம்பெரும் ஆட்டம். ஆகவே ஒலிம்பிக்கில் சேர்த்தே ஆகவேண்டும்' என்பர். வடக்கே சிலர் அபிமன்யு புகுந்த சக்கர வியூகத்தில் கபடி பிறந்தது என்று கதை கட்டுவர். இங்கே சிலர் அதற்கும் ஈராயிரம் ஆண்டு முன்னே செல்வர். பகுத்தறிவாளர்க்கு இந்த வாதம் ஆகாது. பழமை தகுதி ஆகுமெனில் உடன்கட்டை ஏறுதலும் பழமைதான்! நம்முடையது என்பதும் தகுதியாகாது. அவனுடையது என்பதற்காக அவன் ஆட்டத்தை அவன் நுழைத்தது தவறெனில், நம்முடையது என்பதற்காக நாம் நுழைப்பது எப்படிச் சரியாகும்?

கபடியின் கதையையே நேர்மையாகப் பார்ப்போம். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் அதை ஆடிக் காட்டினர். ஆரிய இனமே உயர்ந்ததென்று முழங்கிய இட்லரின் தலைநகரில், காட்சிப் பொருளாக ஒரு சில நிமிடம்! 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டிலும் காட்சியாட்டம். 1990-இல் பெய்ஜிங்கில்தான் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. அன்று தொடங்கி 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. மகளிர்க்கோ 2010 வரை அங்கே இடமே இல்லை. இருபதாண்டு பெண்டிர் வெளியே! அயலானைக் குறை சொன்ன நாக்கு இதையும் சொல்லத்தானே வேண்டும்?

ஏழு முறையும் ஒரே நாடு வென்றால் அது பெருமையா? பெருமைதான்; ஆனால் உலகப் பட்டியலுக்கு அது தகுதியன்று, தடை. ஒருவனே எப்போதும் வெல்லும் ஆட்டத்துக்குப் போட்டி என்று எப்படிப் பெயரிடுவது? 2018-இல் ஜகார்த்தாவில் அது முறிந்தது. அரையிறுதியில் இந்திய ஆடவர் அணியை ஈரான் வீழ்த்தித் தங்கமும் வென்றது. மகளிர் இறுதியிலும் 27–24 என்று ஈரானே வென்றது; அந்த ஈரான் மகளிரைப் பயிற்றுவித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின்! அன்று இங்கே பலர் தலையில் கை வைத்தனர். நாமோ மகிழ்ந்தோம். நாடு தோற்றதற்கா மகிழ்ச்சி? ஆட்டம் வென்றதற்கு! தாய்வீட்டாரைப் புகுந்த வீட்டார் வெல்லும் நாளில்தான் ஓர் ஆட்டம் உலகுக்கு உரியதாகிறது.

ஜூடோவின் கதையும் அதுவே. 1964-இல் ஒலிம்பிக் தோக்கியோவுக்கு வந்தபோது ஜப்பானியர் தம் ஜூடோவைப் பட்டியலில் சேர்த்தனர். எடைவரம்பற்ற பிரிவின் இறுதியில், தம் மண்ணில், தம் வீரர் கமினாகா, நெதர்லாந்தின் ஆண்டன் கீசிங்கிடம் தோற்றார். ஜப்பானின் துயரம், ஜூடோவின் நல்வாய்ப்பு. 1968-இல் மெக்சிகோவில் இடமிழந்த ஜூடோ, 1972-இல் மீண்டும் வந்தது, வந்தது நிலைத்தது. கொரியாவின் டேக்வாண்டோவும் 1988-இல் சியோலில் காட்சியாட்டமாக வந்து, 2000-இல் சிட்னியில் பதக்க ஆட்டமாயிற்று.

இன்று வாயில் சற்றே அகன்றிருக்கிறது. விருந்து நடத்தும் நாடு தன் விருப்பத்துக்குச் சில ஆட்டங்களை முன்மொழியலாம் என்று 2014-இல் ஒலிம்பிக் குழு வழிவகுத்தது. தோக்கியோ கராத்தேயைச் சேர்த்தது. பாரிசு 2024-இல் தெரு நடனமான பிரேக்கிங்கைச் சேர்த்தது. லாஸ் ஏஞ்சலிசில் 2028-இல் நடக்கும் விழாவுக்குக் கிரிக்கெட்டையும் ஸ்குவாஷையும் சேர்க்க 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய குழு இசைந்தது. கிரிக்கெட் 1900-இல் பாரிசில் ஒரே ஒரு பந்தயமாக நடந்து மறைந்தது. அது திரும்பி வரக் காரணம் என்ன? திடீரென்று அதன் அருமை தெரிந்துவிட்டதா? தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் கோடிக்கணக்கான இந்தியக் கண்களின் அருமை தெரிந்தது! அன்று படைப்பதவி வாயில் காத்தது. இன்று பணப்பெட்டி காக்கிறது.

2036 ஒலிம்பிக்கை நடத்த விழைவதாக இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் கொடுத்தது. அப்படி ஒரு நாள் விருந்து நம் வீட்டில் நடந்தால், கபடியைப் பந்தியில் அமர்த்த வழியுண்டு. அமர்த்தலாம். ஆனால் விருந்து முடிந்ததும் எழுப்பப்படாமல் இருக்க வேண்டுமே! அதற்கு வேண்டியது மார்தட்டல் அன்று; வேலை. வேற்று நாட்டாருக்குக் கற்பிக்க வேண்டும். அவர்கள் நம்மை வெல்லும் அளவுக்குக் கற்பிக்க வேண்டும். ஆட்டத்தை நடத்தும் அமைப்புகள் குடும்பச் சொத்தாகாமல் இருக்க வேண்டும். கணவர் வாழ்நாள் தலைவர், மனைவி தலைவர் என்று இந்தியக் கபடிக் கூட்டமைப்பு இருந்த நிலையை, 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு நீக்க வேண்டியதாயிற்று. உலக வாயிலைத் திற என்று கூவுவோர், தம் வீட்டு வாயிலைத் தாழிட்டுக்கொண்டு கூவலாமா?

வாயில் என்றதும் நம் மாவட்டத்துத் தென்முடியனூர் நினைவுக்கு வருகிறது. 2023 சனவரி 30 அன்று, சுமார் எண்பதாண்டு காலமாக உள்ளே விடப்படாதிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள், மாவட்ட ஆட்சியரும் காவலரும் உடன்வர, அவ்வூர் முத்துமாரியம்மன் கோயிலுள் சென்றனர். கோயிலுள் இருப்பது கடவுளா கல்லா என்பது வேறு வழக்கு. நுழையாதே என்று மனிதனை மனிதன் தடுத்ததே நம் வழக்கு. அங்கும் யாரோ ஒருவர் எழுதாப் பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். எண்பது ஆண்டு அது கிழியவில்லை.

அண்மையில் ஒரு விடியலில் மலைப்பாதைப் பக்கம் நடந்தோம். பழைய பொட்டலில் பெண்பிள்ளைகள் சிலர் பாடிப் பழகிக்கொண்டிருந்தனர். கையில் ஊதுகுழலுடன் நின்றவர் தலை நரைத்திருந்தார். நின்ற நிலை கண்டே அறிந்தோம். அவரும் அறிந்தார்.

என்ன பேசுவது? முப்பதாண்டுக்கும் மேலாக நாக்கில் சுமந்த சொல்லைச் சொன்னோம். 'அந்தப் பலகையை எழுதியிருக்கக் கூடாது' என்றோம்.

அவர் சற்று நேரம் களத்தையே பார்த்திருந்தார். 'அந்த வருசம் கோப்பை யாருக்குப் போச்சுன்னு ஞாபகம் இருக்கா?' என்று கேட்டார். இல்லை என்றோம். 'எனக்கும் தெரியாது. நான் பார்க்கப் போகலை' என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடனும் அவருக்கில்லை. பிறகு ஒரு தாளை நீட்டினார். 'பொங்கலுக்குப் பெண்கள் போட்டி வைக்கிறோம். விதியெல்லாம் எழுதணும். உங்க கையெழுத்து நல்லா இருக்குமே.'

பள்ளியில் 'டேய்' என்றழைத்தவர் 'உங்க' என்றார். அந்த ஒரு சொல்லின் தொலைவு நாம் உண்டாக்கியது.

எழுதினோம். முதல் விதி: எத்தெருவினரும் ஆடலாம். இரண்டாம் விதி: பதிவுக்கு இறுதி நாள் இன்னது. நாளையும் நேரத்தையும், எவரும் பின்னால் மாற்ற இயலாதபடி, பெரிய எழுத்தில் எழுதினோம். கை சற்று நடுங்கியது. எழுத்து முன்போல் அழகாக வரவில்லை.

தோழர்களே! உலகப் பட்டியலில் நம் ஆட்டம் ஏறட்டும். ஏற நாமும் உழைப்போம். அதற்குமுன் வரும் பொங்கலுக்கு உங்கள் ஊரில் நடக்கும் போட்டியின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தெந்தத் தெருவின் பெயர் அதில் இல்லை என்று எண்ணுங்கள். இல்லாத பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். விதி இடந்தரவில்லை என்பார்களாயின், அந்த விதி எந்நாளில், எவர் கையால் எழுதப்பட்டது என்று கேளுங்கள். எழுதிய கை உங்களுடையதாக இருப்பின், அழித்தெழுத அஞ்சாதீர்கள்.